டர்ஃபில் உங்கள் டீம் ஏன் இத்தனை கோல் வாங்குகிறது? ஐவர் கால்பந்தின் டிஃபென்ஸ் கணக்கு

சனிக்கிழமை இரவு பத்தரை மணி. பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையின் இரைச்சல் கொஞ்சம் அடங்கும் நேரம். உள்தெருவில் வலை கட்டிய டர்ஃப் ஒன்று மட்டும் வெள்ளை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஷிஃப்ட் முடித்து, ஐடி கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த பத்துப் பேர். டீம் பிரிக்க ரெண்டு நிமிஷம் போதும். அதற்கு அடுத்த கேள்வியில்தான் சிக்கலே.

"டேய், யாருடா பின்னாடி நிக்கப் போறது?"

உடனே ஒருத்தன் ஷூ லேஸ் கட்டக் குனிவான். இன்னொருத்தன் போனைப் பார்ப்பான். கடைசியில் டீமுக்குப் புதுசாக வந்தவன் தலையில் அது விழும். "நீ நில்லு மச்சான், பத்து நிமிஷத்துல மாத்திக்கலாம்." மாற்ற மாட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து ஸ்கோர் 9-7 ஆ, 10-7 ஆ என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் தோற்ற டீமில் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "நம்ம டிஃபென்ஸ் சுத்தமா இல்லடா." சொல்லும்போது பார்வை அந்தப் புதுசானவன் பக்கம் போகும்.

அந்தப் பின்னாடி நிற்கும் ஆளாக நானும் பல சனிக்கிழமைகள் நின்றிருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தன்னலமும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவு. ஐவர் கால்பந்தில் 'டிஃபெண்டர்' என்று தனியாக ஒருவரை நிறுத்தி ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம். நான்கு பேரும் தடுத்தால்தான் அது தடுப்பு. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் இடக் கணக்கு

சர்வதேசப் போட்டிகளில் 11 பேர் ஆடும் மைதானம் பொதுவாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். மொத்தம் 7,140 சதுர மீட்டர். அதை 22 பேருக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 325 சதுர மீட்டர். நம்ம ஊர் ரியல் எஸ்டேட் பாஷையில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை கிரவுண்டு.

ஐவர் கால்பந்தின் அதிகாரபூர்வ வடிவமான ஃபுட்சாலில், ஆடுகளம் 40-க்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 சதுர மீட்டர், 10 பேர். தலைக்கு 80. அதாவது ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட்.

புறநகர் டர்ஃப்கள் பல அதைவிடச் சின்னவை. 30-க்கு 15 மீட்டர் என்றால் தலைக்கு 45 சதுர மீட்டர்தான். சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட். அதுக்குள்ளதான் ஓடணும், திரும்பணும், மோதணும்.

இடம் இப்படிச் சுருங்கும்போது மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

ஒன்று, எங்கிருந்தும் ஷாட் அடிக்கலாம். பெரிய மைதானத்தில் நடுக்கோட்டில் பந்து வைத்திருப்பவரால் உடனடி ஆபத்து இல்லை. 30 மீட்டர் டர்ஃபில் நடுக்கோடு என்பது கோலிலிருந்து 15 மீட்டர்.

இரண்டு, ஆஃப்சைடு கிடையாது. எதிரணி ஆள் உங்கள் கோல்கீப்பர் பக்கத்திலேயே நின்று கதை பேசிக்கொண்டிருக்கலாம். யாரும் கொடி தூக்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரே ஒருவர் ஏமாந்தாலும் நான்கில் ஒரு பங்கு டீம் காலி. 11 பேர் ஆட்டத்தில் ஒரு ஃபுல்பேக் ஏமாந்தால் பக்கத்தில் மூன்று பேர் இருப்பார்கள், முன்னால் மிட்ஃபீல்டர்கள் இருப்பார்கள். இங்கே ஒருவரைத் தாண்டிவிட்டால் அடுத்த நொடியே இரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்று எப்படிப்பட்ட வீரராக இருந்தாலும் பெரும்பாலும் தோற்பார்.

2-2, 1-2-1, 3-1: இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

கோல்கீப்பரை விட்டுவிட்டு மற்ற நான்கு பேரை எப்படி நிறுத்துகிறோம் என்பதைத்தான் இந்த எண்கள் குறிக்கின்றன. முதல் எண் பின்வரிசை.

*2-2, சதுரம்.* பின்னால் ரெண்டு பேர், முன்னால் ரெண்டு பேர். புரிந்துகொள்ள ரொம்ப சுலபம். முதல்முறை சேர்ந்து ஆடும் டீமுக்குப் பொருத்தமானது. பலவீனம் நடுவில் இருக்கிறது. முன் ஜோடிக்கும் பின் ஜோடிக்கும் இடையே ஒரு ஹால் அளவுக்கு இடம் திறந்து கிடக்கும். அங்கே ஒரு நல்ல பிளேயர் வந்து பந்து வாங்கித் திரும்பிவிட்டால், யார் அவரைப் பிடிப்பது என்று நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

*1-2-1, டயமண்ட்.* பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், முன்னால் ஒருவர். ஆழமும் அகலமும் சேர்ந்தே கிடைக்கும். அதனால் வார இறுதி டீம்களுக்கு இதுதான் பிடித்த வடிவம். ஆனால் இதன் உயிர் பக்கவாட்டில் இருக்கும் அந்த இரண்டு பேர் கையில். இல்லை, காலில். பந்து போனதும் அவர்கள் திரும்பி ஓடி வந்தால் இது டயமண்ட். வராவிட்டால் பின்னால் ஒருவர், முன்னால் மூன்று பேர், நடுவில் யாரும் இல்லை. பெரும்பாலான சனிக்கிழமைகளில் நாம் ஆடுவது இந்த இரண்டாவது வகைதான்.

*3-1.* பின்னால் மூவர், முன்னால் 'பிவோட்' எனப்படும் ஒரே ஒருவர். பிவோட்டின் வேலை எதிரணி கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. மற்றவர்கள் மேலே வரும்வரை அவர் தாக்குப்பிடிக்க வேண்டும். உங்களைவிட வலுவான டீமோடு ஆடும்போது இது கைகொடுக்கும். பிவோட்டிடம் பந்து நிற்காவிட்டால் கதை வேறு. அடித்த பந்தெல்லாம் சுவரில் எறிந்தது போலத் திரும்பி வரும்.

ஏழு பேர் ஆடும் பெரிய டர்ஃப்களில் 2-3-1, 3-2-1 ஆகியவை பழக்கம். 2-3-1 வைத்தால் நடு மூவரில் மையத்தில் நிற்பவர்தான் பாதுகாப்பின் பூட்டு. அவரும் கோல் அடிக்கும் ஆசையில் மேலே போய்விட்டால் பூட்டில்லாத வீடு.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நாம் வாட்ஸ்அப் குரூப்பில் விவாதிக்கும் இந்த எண்கள் எல்லாம் பந்து நம்மிடம் இருக்கும்போது நிற்கும் வடிவம். பந்து அவர்களிடம் போனதும் வடிவம் என்னவாக வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை. தடுக்கும்போது பதில் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு பேரும் பந்துக்கும் நம் கோலுக்கும் நடுவே வந்துவிட வேண்டும். வந்தபின் அது சதுரமா டயமண்டா என்பது இரண்டாவது கேள்வி.

ஆளைப் பிடிப்பதா, இடத்தைக் காப்பதா?

இரண்டு வழிகள் உண்டு. ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் போகும் இடமெல்லாம் போவது மேன் மார்க்கிங். ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு அதற்குள் வருபவரைப் பார்த்துக்கொள்வது ஜோனல்.

மேன் மார்க்கிங்கில் பொறுப்பு தெளிவு. கோல் வாங்கினால் யாருடைய ஆள் அடித்தார் என்று தெரிந்துவிடும். ஆனால் நன்றாக நகரும் டீமோடு மோதும்போது இது கிழிந்துவிடும். அவர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி உங்களை இழுத்துப்போய் நடுவைக் காலி செய்வார்கள். அலுவலக நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த கால்களுக்கு, இன்னொருவர் இஷ்டத்துக்கு ஒரு மணி நேரம் ஓடுவதும் முடியாத காரியம்.

ஜோனலில் ஓட்டம் குறைவு. ஆனால் வாய் திறந்தே ஆக வேண்டும். உங்கள் பகுதியிலிருந்து ஒருவர் பக்கத்துப் பகுதிக்குப் போகும்போது "மாத்து!" என்று கத்தாவிட்டால், அவர் யாருக்கும் சொந்தமில்லாத ஆளாகிவிடுவார். டர்ஃபில் விழும் கோல்களில் நிறைய இப்படிப்பட்ட அனாதை ஆட்கள் அடிப்பவைதான்.

ஃபுட்சால் டீம்கள் பெரும்பாலும் இரண்டையும் கலக்கின்றன. பந்து இருக்கும் பக்கத்தில் ஆளை நெருக்கிப் பிடிப்பார்கள். தூரத்துப் பக்கத்தில் இருப்பவர் ஆளை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்து நடுவைக் காப்பார். இதில் பெரிய ஆபத்து செகண்ட் போஸ்ட். பந்து இடது பக்கம் இருக்கும்போது நான்கு தலையும் இடது பக்கம் திரும்பும். வலது கம்பத்துக்குப் பக்கத்தில் ஒருவர் சும்மா வந்து நிற்பார். குறுக்கே ஒரு பாஸ், காலை நீட்டினால் போதும், கோல். இதைத் தடுக்க வழி எளிது. பந்தும் உங்கள் ஆளும் ஒரே பார்வையில் தெரியும்படி உடம்பைத் திருப்பி நில்லுங்கள். ஒன்றைப் பார்க்க மற்றொன்றுக்கு முதுகு காட்டினால் நீங்கள் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு மேலே போய் மறிப்பது? எதிரணி கோல்கீப்பர் வரைக்கும் போய் அழுத்துவது டிவியில் பார்க்க செமையாக இருக்கும். மாற்று ஆட்கள் நிறைய இருந்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் டீம்களுக்கு அது சரி. பெஞ்சில் ஒருவர்கூட இல்லாத நமக்குப் பாதி மைதானம் போதும். பந்து போனதும் நடுக்கோட்டுக்குப் பின்னால் வந்து, நான்கு பேரும் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அதிகமான இடைவெளியில் நின்று, உள்ளே வந்து பார் என்று காத்திருக்கலாம்.

நவம்பர் மழையில் நனைந்த டர்ஃப் என்றால் இன்னும் ஓரடி பின்னால். ஈரத்தில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். நெருங்கிப் போய் நின்றால் திரும்புவதற்குள் அது உங்களைத் தாண்டியிருக்கும்.

பந்து போன அந்த மூன்று விநாடி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுமாராக ஒரு கணக்கு. ஓரளவு வேகமாக அடித்த பாஸ் விநாடிக்கு 10 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். களைத்த கால்கள் விநாடிக்கு 5 மீட்டர் ஓடும். 30 மீட்டர் டர்ஃபில் பந்து மூன்று விநாடியில் உங்கள் கோல் வாசலுக்கு வந்துவிடும். எதிரணி கோல் பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு ஆறு விநாடி தேவை. பந்தோடு ஓட்டப்பந்தயம் வைத்து ஜெயிக்கவே முடியாது. அதனால் முதல் வேலை பந்தைத் தாமதப்படுத்துவது.

பந்தை இழந்ததும் அதற்குப் பக்கத்தில் இருப்பவர் உடனே எதிராளி முன்னால் போய் நிற்க வேண்டும். பந்தைப் பிடுங்க அவசியமில்லை. நேராக முன்னால் பாஸ் போகாமல் வழியை அடைத்தால் போதும். அவர் பக்கவாட்டில் ஒரு பாஸ் போட்டாலே உங்களுக்கு இரண்டு விநாடி லாபம். மற்ற மூவரும் அந்த நேரத்தில் திரும்பி ஓட வேண்டும். ஓடும் பாதை முக்கியம். அவரவர் ஓரமாக ஓடாமல், மைதானத்தின் நடுவழியாக நம் கோலை நோக்கி ஓட வேண்டும். நடு அடைபட்டால் எதிரணி ஓரத்துக்குத்தான் போகும். ஓரத்திலிருந்து வரும் ஷாட்டைக் கீப்பர் பார்த்துக்கொள்வார்.

நாம் என்ன செய்கிறோம்? பந்தை இழந்தவர் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்க்கிறார். பாஸ் சரியாக வரவில்லை என்று இன்னொருவர் கையை விரிக்கிறார். அதற்குள் மூன்று விநாடி முடிந்துவிட்டது.

வலை கட்டிய டர்ஃப்களில் இது இன்னும் மோசம். ஃபுட்சாலில் பந்து கோட்டுக்கு வெளியே போனால் ஆட்டம் நிற்கும். காலால் உள்ளே தள்ள நான்கு விநாடி தருவார்கள். எதிரணி ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தடுப்பவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வடிவத்துக்குத் திரும்ப அது ஒரு வாய்ப்பு. ஓர வலையில் பட்டுத் திரும்பும் பந்தையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் டர்ஃப்களில் அந்த இடைவேளை கிடையாது. அதனால் வடிவத்துக்குத் திரும்புவதை ஓடிக்கொண்டேதான் செய்ய வேண்டும்.

ஒண்டிக்கு ஒண்டி நின்றால்?

பந்தோடு ஒருவர் நேராக வருகிறார். முதல் தப்பு, காலை நீட்டுவது. நீட்டினால் ஒன்று பந்து உங்கள் கால்களுக்கு நடுவே போகும், அல்லது அவர் உங்களைத் தாண்டிப் போவார்.

ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் லேசாகப் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்குங்கள். பார்வை அவர் கண்ணிலோ தோளிலோ இருக்கக் கூடாது, பந்தில் இருக்க வேண்டும். அவருடைய பலவீனமான காலின் பக்கம் வழி கொடுத்து, ஓரத்துக்குத் தள்ளுங்கள். பந்து அவர் காலிலிருந்து கொஞ்சம் விலகும் நொடிதான் உங்கள் நொடி. அதுவரைக்கும் பொறுமை.

விழுந்து சறுக்கித் தடுப்பதைச் செயற்கைப் புல்லில் மறந்துவிடுவது நல்லது. தோல் உரியும் என்பது சின்ன விஷயம். ஷூ புல்லில் மாட்டி, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் போகும். திங்கட்கிழமை அலுவலகத்தில் நொண்டிக்கொண்டு நடப்பதில் வீரம் ஒன்றும் இல்லை.

ஃபுட்சால் விதி இதற்கு நல்ல கடிவாளம் போட்டிருக்கிறது. ஒரு பாதியில் ஒரு டீமின் நேரடி ஃப்ரீகிக் தவறுகள் எண்ணப்படும். ஆறாவது தவறிலிருந்து எதிரணிக்குச் சுவர் இல்லாத ஃப்ரீகிக். கோலிலிருந்து 10 மீட்டரில் இருக்கும் புள்ளியிலிருந்து அடிக்கலாம். அதனால் தொழில்முறை டிஃபென்ஸ் என்பது காலைத் தட்டுவதில் இல்லை, தட்டாமல் சமாளிப்பதில் இருக்கிறது. நம்ம சனிக்கிழமை மேட்ச்சில் இந்த ஒரு விதியைக் கொண்டுவந்தாலே பாதிச் சண்டை குறையும்.

கீப்பர் ஐந்தாவது டிஃபெண்டர்

ஃபுட்சால் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோட்டிலேயே நிற்கும் கீப்பருக்கு அது பெரிய வாசல். இரண்டு அடி முன்னால் வந்தால் சின்ன ஜன்னல். ஒருவர் தனியாக வரும்போது கீப்பர் முன்னேறிக் கோணத்தைச் சுருக்க வேண்டும். கடைசி டிஃபெண்டர் அதே நேரத்தில் குறுக்கே போகும் பாஸை அடைக்க வேண்டும். இரண்டு பேரும் பந்துக்கே பாய்ந்தால், பக்கத்தில் நிற்பவருக்குக் காலி கோல் பரிசு.

கீப்பருக்கு இன்னொரு வேலை பேசுவது. முழு மைதானமும் தெரியும் ஒரே ஆள் அவர்தான். "இடது பக்கம் ஆள்", "திரும்பாதே", "நேரம் இருக்கு" என்று அவர் சொல்லும் மூன்று வார்த்தைகள் ஒரு கூடுதல் டிஃபெண்டருக்குச் சமம்.

தோற்றுக்கொண்டிருக்கும் டீம்கள் கடைசி நிமிடங்களில் கீப்பருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரரை இறக்கி ஐந்து பேராகத் தாக்குவதும் உண்டு. பவர் ப்ளே என்பார்கள். அப்போது தடுக்கும் நான்கு பேரும் பந்தைத் துரத்தக் கூடாது. கோலுக்கு முன்னால் சுருங்கி நின்று, பந்து நகர நகர ஒரே கயிற்றில் கட்டியது போலச் சேர்ந்து நகர வேண்டும். ஒருவர் ஆசைப்பட்டு வெளியே ஓடினால் அங்கே ஓட்டை.

உலகம் எப்படி ஆடுகிறது? நாம் எங்கே இருக்கிறோம்?

ஃபுட்சால் 1930-ல் உருகுவேயின் மான்டிவிடியோவில் பிறந்தது. ஒய்எம்சிஏ-வில் பயிற்சியாளராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி வகுத்த ஆட்டம் இது. ஃபிஃபாவின் முதல் ஃபுட்சால் உலகக் கோப்பை 1989-ல் நெதர்லாந்தில் நடந்தது.

சின்ன மைதானம் என்றால் கோல் மழை என்று நாம் நினைக்கிறோம். கடைசி இரண்டு ஆண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளின் ஸ்கோரைப் பாருங்கள். 2021-ல் போர்ச்சுகல் 2, அர்ஜென்டினா 1. 2024 அக்டோபரில் உஸ்பெகிஸ்தானில் பிரேசில் 2, அர்ஜென்டினா 1. 2025 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த முதல் மகளிர் ஃபுட்சால் உலகக் கோப்பையின் இறுதியில், பிரேசில் ஒரு கோல்கூட வாங்காமல் போர்ச்சுகலை 3-0 என்று வென்றது. ஷாட் அடிக்கத் தெரியாதவர்களா இவர்கள்? தடுக்கத் தெரிந்தவர்கள்.

இந்தியாவில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முதல் ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப்பை நடத்தியதே 2021-ல்தான். அதன் இறுதியில் டெல்லி எஃப்சி முகமதன் ஸ்போர்ட்டிங்கை 7-2 என்று வென்றது. ஒரே மேட்ச்சை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பாடத்தில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பதற்கு அது ஒரு குறிப்பு. 2023 அக்டோபரில் தஜிகிஸ்தானில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில்தான் இந்திய ஆண்கள் ஃபுட்சால் அணி முதல்முறை களம் இறங்கியது. 2025 செப்டம்பரில் குவைத்தில் மங்கோலியாவை 3-0 என்று வீழ்த்தியது அந்த அணியின் முதல் வெற்றி. முதல் வெற்றியே கோல் வாங்காத வெற்றி என்பதைக் கவனியுங்கள்.

சென்னைக்கு இதில் ஒரு பழைய ஞாபகமும் உண்டு. 2016 ஜூலையில் பிரீமியர் ஃபுட்சால் என்ற தனியார் லீக் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. தேசியக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாத லீக்தான். ஆனாலும் ஃபுட்சாலின் சூப்பர் ஸ்டாரான பிரேசிலின் ஃபால்காவ் சென்னை அணிக்கு ஆடினார். ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ், ரொனால்டினோ என்று பெரிய பெயர்கள் வந்தன. அவர்களுடைய கால் வித்தைகள் நம்ம போனுக்கு வந்தன. பந்து இல்லாதபோது அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதை ரீல்ஸ் காட்டாது.

தலைக்கு 120 ரூபாயும் பின்வரிசையும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஏன் யாரும் பின்னாடி நிற்க விரும்புவதில்லை?

ஒரு மணி நேர வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் ஆடினால் தலைக்கு 120. காசு கொடுத்து ஒரு மணி நேரம் வாங்கியவருக்குப் பந்து வேண்டும், கோல் வேண்டும். ஓரமாக நின்று இடத்தைக் காப்பதற்கா 120 ரூபாய்? இந்தக் கோபம் நியாயமானதுதான். கடிகாரம் ஓடும் ஆட்டத்தில் எல்லாரும் முன்னால்தான் ஓடுவார்கள்.

இதே 120 ரூபாய் சென்னையில் ஒருமுறை பெரிய விவாதமே ஆனது. 2024 டிசம்பர் கடைசியில், சென்னை மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடவும், ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், கட்டணம் இருக்காது என்று மேயர் பிரியா அறிவித்தார். அன்றைய விவாதம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியது. வடசென்னைப் பையன்களால் அந்தப் பணத்தைக் கொடுக்க முடியுமா என்பது சரியான கேள்வி.

அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு. டிஃபென்ஸ் என்பது நேரம் கேட்கும் பாடம். பத்துத் தடவை தப்பாக நின்று, பதினோராவது தடவை சரியாக நிற்கும்போதுதான் அது கால்களில் ஏறும். தெருவிலும் காலி மனையிலும் சாயங்காலம் முழுக்க ஆடியவர்களுக்கு அந்த நேரம் இலவசமாகக் கிடைத்தது. தாம்பரம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை பக்கம் காலி மனைகள் அடுக்குமாடிகளாகிக்கொண்டே இருக்கின்றன. 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இந்தப் பகுதிகள் எல்லாம் இப்போது ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகை இல்லாத ஒரு திடல் எங்கள் வார்டில் எங்கே என்று கேட்பதற்கு ஒரு முகவரியாவது கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனோ பெண்ணோ தப்புப் பண்ணிக் கற்றுக்கொள்ள அப்படியோர் இடம் வேண்டும்.

வாடகைத் திடலில் ஆடும் நமக்கு இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் பின்னாடி நிறுத்தப்பட்டு, ஒவ்வொரு வாரமும் திட்டு வாங்கும் அந்தப் புதுசானவர், நாலாவது வாரம் "இன்னைக்கு வேலை இருக்கு ப்ரோ" என்று மெசேஜ் போடுவார். ஐந்தாவது வாரம் அதுவும் வராது. டீமுக்கு ஆள் குறைந்துவிட்டது என்று குரூப்பில் புலம்புவோம். அவரை அனுப்பியது நாம்தான்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஐந்து விஷயங்கள்

1. பின்வரிசையைச் சுழற்சியில் விடுங்கள். போனில் பத்து நிமிட அலாரம் வையுங்கள். அடித்ததும் ஓர் இடம் நகர வேண்டும். கீப்பர் உட்பட, டீம் லீட் உட்பட.

2. ஆட்டம் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: பந்து போனால் நடுக்கோட்டுக்குப் பின்னால் வருகிறோமா, அங்கேயே மறிக்கிறோமா? எதுவானாலும் நான்கு பேருக்கும் ஒரே பதில்.

3. பந்தை இழந்தவர்தான் முதல் டிஃபெண்டர். மூன்று விநாடி அவர் வழியை அடைக்க வேண்டும். கையை விரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

4. மூன்று சொற்களைப் பழகுங்கள். "என்னுது" என்றால் இந்த ஆளை நான் பிடிக்கிறேன். "கவர்" என்றால் உன் பின்னால் நான் இருக்கிறேன். "மாத்து" என்றால் ஆளை மாற்றிக்கொள்கிறோம்.

5. ஆறாவது தவறுக்குச் சுவரில்லாத ஷாட் என்ற விதியைக் கொண்டுவாருங்கள். எண்ணுவதற்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் போதும்.

இதையெல்லாம் செய்தால் அடுத்த வாரமே 2-1 என்று ஜெயித்துவிடுவீர்களா? தெரியாது. ஆனால் கோல் விழும்போது பார்வை ஒருவர் மேல் மட்டும் போகாது. "மாத்துன்னு நான் சொல்லல, என் தப்பு" என்று ஒருவராவது சொல்வார். அப்படிச் சொல்லும் டீமுக்கு அந்தப் புதுசானவர் ஐந்தாவது வாரமும் வருவார்.

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் கடைசி ட்ரெயினைப் பிடிக்க ஓடும்போது யாராவது கேட்கட்டும்: "அடுத்த வாரம் யாருடா பின்னாடி?" அப்போது ஷூ லேஸ் கட்டக் குனியாமல், "முதல் பத்து நிமிஷம் நான்" என்று சொல்லிப் பாருங்கள்.